தடைக்காலத்தில் காசிமேடு

ஜூன் மாதப் பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு நான்கு நாள் பயணமாகச் சென்னைக்கு வந்திருந்தோம். அவற்றுள் இரண்டு நாள்களை முழுவதுமாக வடசென்னைக்கென்றே ஒதுக்கியிருந்தேன். கல்மண்டபத்தில் பிறந்து, 2004-இல் வேலைக்காகக் கிளம்பும்வரை அங்கேயே வளர்ந்தவன் நான். ஊருக்கு வரும்போதெல்லாம் உறவினர் வீட்டுக் கூடத்தோடு நின்றுவிடும் என் மகள், அந்தத் தெருக்களில் ஒருமுறையாவது நடந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்காக ஒரு பயண நிறுவனத்திடம் இணையம் வழியாக முன்பணமும் கட்டியிருந்தேன். அவர்கள் அனுப்பிய நிரலின் முதல் வரியே காசிமேட்டைப் பற்றியதுதான்: காலை ஐந்து மணிக்கு விசைப்படகுகள் கரை சேர்வதையும் மீன் ஏலத்தையும் பார்ப்பது.

பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் சித்தி மகன், ராயபுரத்துக்காரரான ஓர் இளம் வழிகாட்டியின் எண்ணைக் கொடுத்திருந்தான். துறைமுகத்துக்குள் கார் போகுமா என்று கேட்பதற்காகத்தான் அவருக்கு அந்த நிரலை அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் அவரே அழைத்தார். "அண்ணா, இது தடைக்காலம்ணா. போட்டெல்லாம் கட்டிப் போட்டுக் கெடக்குது. அஞ்சு மணிக்குப் போயி இன்னாத்தப் பாக்கப் போறீங்க?"

அந்தக் கேள்வி என்னை வெகுநேரம் உறுத்திக்கொண்டிருந்தது. நான் ஊரில் இருந்தபோது மீன்பிடித் தடைக்காலம் 45 நாள்தான். ஏப்ரல் 15-இல் தொடங்கி மே மாதத்துக்குள் முடிந்துவிடும், ஜூன் பிறந்தால் கல்மண்டபம் மார்க்கெட்டில் வஞ்சிரம் வந்துவிடும் என்ற கணக்கு எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. 2017 முதல் அது 61 நாளாகி, ஜூன் 14 வரை நீள்கிறது என்பதை நான் கவனிக்கவே இல்லை. கடல் கடந்து போனவன் தவறவிட்டதை மன்னிக்கலாம். ஆனால் இதையே தொழிலாகக் கொண்டு பணம் வாங்குகிறவர்கள், மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்கே போகாத நாள்களில், அந்தப் படகுகள் கரை சேரும் காட்சியை எப்படி விற்கலாம்? மூன்று முறை தொலைபேசியில் பேசினேன். முதலில் ஏலம் ஆண்டு முழுவதும் நடக்கும் என்றார்கள். அடுத்து, கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். கடைசியில், நிரலை மாற்ற வழியில்லை, முன்பணமும் திரும்பாது என்று முடித்துவிட்டார்கள். சிங்கப்பூரில் வழிகாட்டியாக வேலை செய்யவே பயிற்சி பெற்றுத் தேர்வெழுதி உரிமம் வாங்க வேண்டும். அந்த ஒழுங்குக்குப் பழகிப்போன எனக்கு, இழந்த பணத்தைவிட அவர்கள் குரலில் இருந்த அலட்சியம்தான் பெரிதாக வலித்தது.

ராயபுரத்துத் தம்பியிடமே இரண்டு நாளையும் ஒப்படைத்தேன். காசிமேட்டை விட்டுவிடலாம் என்று நான் சொன்னபோது அவர் மறுத்தார். படகுகளை நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் இதுதான் காலம், ஆனால் ஐந்து மணிக்கு வேண்டாம், வேலை தொடங்கும் ஏழு மணிக்குப் போவோம் என்றார். அவர் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. வரிசையாகக் கட்டிக் கிடந்த படகுகளில் பழைய சாயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். தடை இல்லாத சிறிய பைபர் படகுகளில் வந்த கொஞ்சம் மீனைச் சுற்றி மட்டும் பெண்கள் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு படகின் நிழலில் பெரியவர் ஒருவர், வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிந்த இடத்தைப் பின்னிக்கொண்டிருந்தார். தம்பி அவரை "நைனா" என்று அழைத்துப் பேச்சுக் கொடுத்தார். சிறிது நேரத்தில் அந்தப் பெரியவர் நூல் சுற்றிய பிளாஸ்டிக் ஊசியை என் மகளிடம் நீட்டினார். அவள் போட்ட முதல் முடிச்சு வழுக்கிக்கொண்டு போனது. அவர் அதைப் பிரித்து, அவள் விரலைப் பிடித்து மீண்டும் போட வைத்தார். "ஒரு கண்ணு வுட்டா மீனு பூடும் பாப்பா" என்றார். ஏழெட்டு முடிச்சுகளுக்குப் பிறகு அவள் தானாகவே போட்டாள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தோம். தம்பி ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் பணம் கொடுக்க முனைந்தபோது அவர் கண்ணாலேயே தடுத்து, பெரியவருக்கு ஒரு டீ மட்டும் வாங்கித் தரச் சொன்னார்.

மற்றவையும் அவர் வகுத்த நேரப்படியே நடந்தன. 1856 ஜூலை 1 அன்று வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரம் நிலையத்தின் தூண்களை, என் அப்பா பல ஆண்டுகள் ரயிலேறிய அதே நடைமேடையிலிருந்து மகளுக்குக் காட்டினேன். மறுநாள் காலை, அரண்மனைக்காரன் தெருவில் 1772-ஆம் ஆண்டின் ஆர்மேனியன் தேவாலயத்துக்குப் போனோம். 1794-இல் உலகின் முதல் ஆர்மேனிய மொழி இதழைச் சென்னையில் அச்சிட்ட பாதிரியாரின் கல்லறை அங்கே இருப்பது, பதினைந்து ஆண்டுகள் அந்தத் தெரு வழியாகப் போய்வந்த எனக்கு அன்றுதான் தெரிந்தது. மாலையில் பர்மா பஜார் பக்கம் பர்மிய நூடுல்ஸான அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் சாப்பிட்டோம். அந்தப் புளிப்பும் பூண்டு எண்ணெய் மணமும் மாறவே இல்லை.

திருவொற்றியூரையும் சேர்த்துக்கொள்ளலாமா, இப்போதுதான் தேரடி வரை மெட்ரோ போகிறதே என்று கேட்டேன். தம்பி வேண்டாமென்றார். அங்குள்ள கோயிலில் ஆதிபுரீசுவரரைக் கவசம் இல்லாமல் பார்ப்பது கார்த்திகைப் பௌர்ணமியையொட்டிய மூன்று நாள்கள் மட்டுமே என்பதால், வந்தால் அப்போது வாருங்கள் என்றார். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையும் அந்தச் சமயத்தில்தான் வருகிறது. அந்த மூன்று நாளையும் எங்களுக்காக ஒதுக்கி வைக்கும்படி, விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன்பே அவரிடம் சொல்லிவிட்டேன்.