ஸ்கூட்டிக்கு எந்தப் பற்றரி: என்எம்சியா, எல்எப்பியா?

மின்சார ஸ்கூட்டி வாங்குவது என்று முடிவான பிறகு, எந்தப் பற்றரி என்பதில்தான் நான் கனநாள் யோசித்தேன். ஈய அமிலம், என்எம்சி (நிக்கல், மங்கனீசு, கோபாற்று கலந்த லித்தியப் பற்றரி), எல்எப்பி (இரும்புப் பொசுபேற்று லித்தியப் பற்றரி) என்று மூன்று வகை. கடைசியில் எல்எப்பி எடுத்தேன்.

ஈய அமிலம் விலை குறைவு, பாரம் கூட. சில நூறு தடவை சார்ஜ் ஏற்றியதும் தளர்ந்துவிடும். மட்டக்களப்பில் கல்லடியிலிருந்து டவுனுக்குப் போய்வர அது போதும். என்எம்சிதான் மூன்றிலும் எடை குறைந்தது. அதே எடைக்குக் கூடுதல் தூரம் ஓடும். வாழைச்சேனை, கல்முனை என்று தினமும் ஓடுபவர்களுக்கு அது பெரிய வசதி, மறுக்கமாட்டேன்.

ஆனால் எங்கள் வீடுகளில் ஸ்கூட்டி இரவில் எங்கே நிற்கிறது? விறாந்தையில், இல்லையென்றால் மண்டபத்துக்குள், வாசற்கதவோடு ஒட்டி. சார்ஜும் அங்கேதான். தீப்பிடித்தால் ஆட்கள் வெளியே ஓடும் வழியே அடைபட்டுவிடும். எனக்கு முடிவைத் தந்தது இந்த ஒன்றுதான்.

சாதாரண நெருப்பைச் சாக்கோ மணலோ போட்டுக் காற்றை மறித்து அணைக்கலாம். லித்தியத்தில் அது சரிவராது. பற்றரிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் சின்னச்சின்னக் கலங்கள்தான் செல். என்எம்சி செல் ஏறத்தாழ 200 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடானால், நேர்முனையில் உள்ள ஒட்சைட்டு உடைந்து ஒட்சிசனை விடுகிறது. எரிவதற்கு வேண்டிய கரைப்பானும் அதே செல்லுக்குள்தான் இருக்கிறது. தூள் அணைப்பான் அடித்தால் வெளிச் சுவாலை அடங்கும். உள்ளே சூடு அப்படியே இருக்கும். அது பக்கத்துச் செல்லுக்குத் தாவும், அங்கிருந்து அடுத்ததுக்கு. தண்ணீரால் குளிரவைப்பதுதான் வழி. ஆனால் மழைநீர் புகாமல் மூடிய பெட்டிக்குள் அந்தத் தண்ணீரும் லேசில் போகாது. அதனால்தான் மின்சாரக் கார் ஒன்றை அணைக்க ஆயிரக்கணக்கான லீற்றர் தேவைப்படுகிறது, அணைத்த பிறகும் சில மணித்தியாலம், சில நாள் கழித்துக்கூடத் திரும்ப எரிகிறது. புகையில் ஐதரசன் புளோரைட்டு என்ற நச்சு வாயுவும் இருக்கும். வீட்டுக்காரர் கிட்டப்போய் அணைக்கிற நெருப்பே இல்லை இது. எல்லோரையும் வெளியே எடுத்துவிட்டுத் தீயணைப்பை அழைக்க வேண்டியதுதான்.

எல்எப்பியில் ஒட்சிசன் பொசுபரசோடு இறுகப் பிணைந்திருக்கிறது, சூட்டில் அவ்வளவு எளிதாகக் கழராது. செல் தானே கட்டுமீறிச் சூடேற இன்னும் கூடுதல் வெப்பம் வேண்டும். மீறினாலும் வெளிவரும் சூடு குறைவு, செல்லுக்குச் செல் பரவுவதும் மெதுவு. ஆட்களை வெளியே எடுக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கலாம். அதற்காக எல்எப்பி எரியாது என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். அதிலிருந்தும் ஐதரசன் கலந்த வாயு கிளம்பும், பூட்டிய அறையில் தேங்கினால் வெடிக்கலாம். சார்ஜ் போடும்போது யன்னலைத் திறந்து வையுங்கள்.

மாரி வெள்ளம் எந்த லித்தியப் பற்றரிக்கும் ஆகாது, உப்புத்தண்ணீர் என்றால் இன்னும் மோசம். 2022இல் இயன் சூறாவளிக்குப் பிறகு புளோரிடாவில் கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, தண்ணீர் வடிந்த பிறகு தீப்பற்றின. வாவிக்கரையில் இருப்பவர்கள் நனைந்த பற்றரியை வீட்டுக்குள் எடுக்கவும் வேண்டாம், சார்ஜில் போடவும் வேண்டாம்.

எல்எப்பி ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் தாங்கும் என்பார்கள். என் ஸ்கூட்டி புதிது, அதை அனுபவமாகச் சொல்ல இன்னும் காலம் வேண்டும். வாங்கப் போகிறவர்கள் கடையில் ‘லித்தியம்’ என்ற பதிலோடு நிற்காமல், ஒரு செல் எத்தனை வோல்ட் என்று கேளுங்கள். 3.2 என்றால் எல்எப்பி, 3.6 அல்லது 3.7 என்றால் பெரும்பாலும் என்எம்சி.