தண்ணீரை எரிப்பதா, தெளிப்பதா?

"தண்ணியில ஓடுற வண்டி" வீடியோக்களில் பெரும்பாலும் ஒரே சாமான்தான்: ஸ்டீல் தகடுகள் அடுக்கிய டப்பா, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர், ஏர் ஃபில்டருக்குப் போகும் குழாய். உள்ளே குமிழி கொப்புளிக்கும். அது நிஜமான ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். கணக்குதான் இடிக்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரிக்க நடைமுறையில் 50 யூனிட் மின்சாரமாவது வேண்டும். எரித்தால் கிடைப்பது சுமார் 33 யூனிட் வெப்பம். அதிலும் பாதிக்கு மேல் ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் போய்விடும். சரி, அந்த மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது யார்? அதே பெட்ரோல்! தண்ணீர் ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். சாம்பலை மறுபடி அடுப்பில் வைத்த கதைதான். அமெரிக்காவில் இப்படிக் கார் ஓட்டுவதாகச் சொன்ன ஸ்டான்லி மேயரின் செயலை 1996-ல் ஒஹாயோ நீதிமன்றம் அப்பட்டமான மோசடி என்றது.

தெளிப்பது வேறு விஷயம். இங்கே எரிவது பெட்ரோல்தான். இன்ஜினுக்குள் போகும் சூடான காற்றில் பொடித்தூறலாகத் தண்ணீர் அடித்தால், அது ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும்; 'நாக்கிங்' (சூட்டில் பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து இன்ஜின் தட்டுவது) குறையும், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டலாம். இரண்டாம் உலகப்போர் விமானங்கள் தண்ணீரில் மெத்தனால் கலந்து இப்படித்தான் அவசர வேகம் எடுத்தன. 2016-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ் காரின் டிக்கியில் இதற்கென்றே 5 லிட்டர் டேங்க். இன்ஜின் 500 குதிரைத்திறன். ஆனால் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போதுதான் இதன் பலன் தெரியும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வண்டிக்கு இது வெட்டிச் செலவு.