கோயில் சவுண்ட் செற்: அம்பைக் கழட்ட முதல் வெளியால பாருங்கோ

யாழ்ப்பாணத்தில கடற்கரைப் பக்கக் கத்தோலிக்கக் கோயில்கள்ல சவுண்ட் செற் பாக்கிற பெடியளுக்கெண்டு இதை எழுதுறன். எங்கட கோயில்ல 250 வாட்ஸ் மிக்சர் அம்ப் (அம்பிளிஃபையர்) ஒண்டு கன வருசமா ஓடுது, அதின்ர 100 வோல்ட் லைன்ல, அதாவது கன ஸ்பீக்கருகளை ரான்ஸ்ஃபோமரோட தூரத்துக்குக் கொழுவுற லைன்ல, கோபுரத்து ஹோர்னுகளும் உள்ளுக்குச் சுவரில இருக்கிற ஸ்பீக்கருகளும், அதைவிட பாட்டுக்காரருக்கும் திருநாளுக்கும் எண்டு தனியா ரெண்டு சனல் பவர் அம்பும் 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் பொக்ஸுகளும் இருக்கு. இவ்வளவு காலமும் பாத்ததில அம்ப் தானா எரிஞ்சதெண்டு ஒருநாளும் இல்லை. வயர், லோட் (கொழுவுற ஸ்பீக்கருகளின்ர சுமை), உப்பு, கறண்ட், இந்த நாலில ஒண்டுதான் அதை எரிச்சிருக்கும். அதை விட்டுட்டு ரான்சிஸ்ரரை மட்டும் மாத்திக் கொண்டந்து பூட்டினால் அடுத்த திருநாளுக்குத் திரும்பவும் அதே ரான்சிஸ்ரர் போகும்.

முதல்ல உப்பு. குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் இருக்கிறவைக்கு நான் சொல்லத் தேவையில்லை, சோளகம் (தென்மேல் காத்து) தொடங்கினால் யன்னல் கம்பியே கறள் பிடிக்கும், கோபுரத்தில கடலைப் பாத்துக்கொண்டு நிக்கிற ஹோர்ன் என்னத்துக்கு ஆகும். எங்கட ஹோர்ன் ஒண்டு விட்டு விட்டுக் கேக்குது எண்டு ஏறிப் பாத்தால் வெளியால வயர் நல்லாத்தான் இருந்தது, இன்சுலேசனைச் சீவினால் உள்ளுக்குச் செம்பு கறுத்து, முனையில பச்சைக் களிம்பு, இன்னும் ஒரு சாண் சீவினாலும் அதே கறுப்புத்தான். அப்பிடியான வயரை வெட்டி வெட்டிப் பூட்டுறதில பிரயோசனமில்லை, முழுசா மாத்தோணும். ஈயம் பூசின வயர் கிடைச்சால் அதைப் போடுங்கோ, மூட்டுகளைப் பத்தவைச்சு மேல கிரீஸ் பூசி விடுங்கோ. ஹோர்ன் வாயைக் கொஞ்சம் கீழ பாக்கச் சரிச்சு வையுங்கோ, தண்ணி நிக்காது. குளவிக்கூட்டையும் பாருங்கோ, சத்தம் அடைச்சமாதிரிக் கேக்குதெண்டு டயஃப்ரம் வாங்கப் போனவையும் இருக்கினம், உள்ளுக்குக் கூடுதான் இருந்தது.

இனி லோட். கன செற்றுகள் சாகிறது இதாலதான், அதால கொஞ்சம் வடிவா வாசியுங்கோ. 100 வோல்ட் லைன்ல ஓம்ஸ் பாத்துக் கொழுவுறேல்லை, ஒவ்வொரு ஸ்பீக்கரின்ர ரான்ஸ்ஃபோமரும் எத்தினை வாட்ஸ் இழுக்குதெண்டு கூட்டோணும். 250 வாட்ஸ் அம்ப் தாங்கக்கூடிய ஆகக் குறைஞ்ச ஓம்ஸ் 40, 100ஐ 100ஆல் பெருக்கி 250ஆல் பிரிச்சால் அதுதான் வரும். 50 வாட்ஸ் ஹோர்ன் நாலு போட்டால் 200, அதோட நிப்பாட்டோணும். திருநாளுக்கு றோட்டு முழுக்கக் கேக்கட்டும் எண்டு இன்னும் ரெண்டு கொழுவினால் 300 ஆகுது, அண்டைக்குப் பாடும்தான், கொடியிறக்கத்துக்கு முதல் பொசுங்கின மணம் வரும். இன்னொண்டு, 8 ஓம்ஸ் பொக்ஸை ரான்ஸ்ஃபோமர் இல்லாமல் 100 வோல்ட் முனையில கொழுவுறது. எங்கட அம்ப் ஒருக்கால் அப்பிடித்தான் போனது, திருநாளுக்குச் சவுண்ட் போட வந்தவையில ஆரோ ஒராள் பின்பக்கம் வடிவாப் பாக்காமல் முறுக்கிவிட்டிட்டார். பவர் அம்புக்கும் இதே கணக்குத்தான், 8 ஓம்ஸ் பொக்ஸ் ரெண்டைப் பரலலாப் போட்டால் 4, மூண்டு போட்டால் 2.7 அளவு, 4 ஓம்ஸ் வரைக்கும் எண்ட அம்ப் அதைத் தாங்காது.

மல்ற்றிமீற்றரால 100 வோல்ட் லைனை அளந்திட்டு சோட் எண்டு முடிவெடுக்காதேங்கோ. மீற்றர் காட்டுறது ரான்ஸ்ஃபோமர் சுத்தின கம்பியின்ர டீசீ ஓம்ஸ், அது எப்பவும் குறைவாத்தான் காட்டும். லைனை அம்பில இருந்து கழட்டிப்போட்டு ஒவ்வொரு ஸ்பீக்கராக் கொழுவி, சத்தத்தைக் குறைச்சு வைச்சுப் பாக்கிறதுதான் சரி. 8 ஓம்ஸ் ஸ்பீக்கரைத் தனியா அளந்தால் 6 ஓம்ஸ் கிட்டக் காட்டும், ஒண்டுமே காட்டாட்டி கொயில் அறுந்திட்டுது. ஒண்டரை வோல்ட் பற்றறியைத் தொட்டுப் பாத்தால் கோன் வெளியால தள்ளுற பக்கம் பிளஸ், ரெண்டு பொக்ஸ் ஒண்டுக்கொண்டு மாறிக் கொழுவுப்பட்டிருந்தால் பேஸ் செத்துப்போகும்.

இப்ப பவர் அம்பில வந்த ஒரு விசயம். வாசகம் வாசிக்கேக்க ஒரு பக்கப் பொக்ஸ் கரகரத்து நிண்டுபோகும், பாட்டுத் தொடங்கிச் சத்தம் ஏறினவுடன தானா வந்திடும். எல்லாரும் ஸ்பீக்கர் எண்டுதான் சொன்னவை, பொக்ஸை மாத்திக் கொழுவிப் பாத்தம், வருத்தம் அம்பின்ர அதே சனல்லதான் நிண்டுது. சத்தம் கூட்டினால் சரியாகும், குறைச்சால் போகும் எண்டால் முதல்ல ஸ்பீக்கர் றிலேயைப் பாருங்கோ, அம்புக்குள்ள ஸ்பீக்கரைத் தானா இணைச்சு விடுற சுவிட்ச் அது. மேல் மூடியைக் கழட்டினால் அதின்ர முனை ரெண்டும் கரி பூசினமாதிரி இருந்தது. தேய்ச்சுத் துடைச்சால் கொஞ்சநாள் ஓடும், திரும்பக் கறுக்கும், புது றிலேதான் போடோணும், பெரிய விலையுமில்லை. உள்ளுக்குக் கை வைக்க முதல் பிளக்கைக் கழட்டிக் கொஞ்சநேரம் விடுங்கோ, பெரிய கப்பாசிற்றருகள் கறண்ட் இல்லாமலும் அடிக்கும்.

ரான்சிஸ்ரர் மாத்தி வந்த அம்பை நேர பிளக்கில குத்தாதேங்கோ. எங்களுக்குச் செய்து தாற அண்ணை 100 வாட்ஸ் குண்டு பல்பைச் சீரீஸாப் போட்டுத்தான் ஓன் பண்ணுவார், பல்ப் ஒருக்கால் மின்னி மங்கினால் நல்லம், அப்பிடியே எரிஞ்சுகொண்டு நிண்டால் உள்ளுக்குச் சோட், ஆனால் அம்ப் தப்பும். பிறகு ஸ்பீக்கர் முனையில டீசீ அளப்பார், 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருக்கோணும், வோல்ட் கணக்கில வந்தால் ஸ்பீக்கரைக் கொழுவவே விடமாட்டார். பியூஸ் போனால் அதே அம்பியர் பியூஸ்தான், வயர்த் துண்டு சுத்திற வேலையை எந்தக் கோயில்லயும் செய்யாதேங்கோ, பலிபீடத்துக்குப் பின்னால நெருப்புப் பிடிக்கிறதுக்கு அது காணும்.

ஊம் எண்ட இரைச்சலுக்கு கனபேர் எர்த் வயரை வெட்டி விடீனம். மைக்கைப் பிடிச்சுக் கதைக்கிறது ஃபாதரும் சின்னப் பிள்ளையளும். அவையின்ர கைக்கு கறண்ட் வந்தால் ஆர் பதில் சொல்லுறது? எங்களுக்கு இரைஞ்சது கீபோர்ட்டைக் கொழுவினால் மட்டும், கீபோர்ட் ஒரு பிளக்கில, அம்ப் சக்கிறிஸ்திப் (ஃபாதர் உடுப்பு மாத்திற அறை) பிளக்கில. ரெண்டையும் ஒரே லைனுக்குக் கொண்டந்து, நடுவில ரான்ஸ்ஃபோமர் உள்ள டீஐ பொக்ஸ் (கீபோர்ட் சத்தத்தை விட்டு எர்த்தைப் பிரிக்கிற சின்னப் பெட்டி) போட்டவுடன நிண்டுது. ஒண்டுமே கொழுவாமலும், வொலியூமை அடியில வைச்சும் இரைஞ்சுதெண்டால் அது வேற, பவர் சப்ளை கப்பாசிற்றர் தளர்ந்திருக்கும்.

மைக் கூவுறதுக்கு அம்பைக் குறை சொல்லாதேங்கோ. பாடுறவைக்குப் பின்னால மைக்கைப் பாத்துக்கொண்டு ஸ்பீக்கர் இருந்தால், பாட்டுக்காரர் மைக்கின்ர வலையைக் கையால பொத்தினால், தேவையில்லாத மைக்கெல்லாம் திறந்து கிடந்தால் எந்தச் செற்றும் கூவும்.

2022ல மணித்தியாலக் கணக்கா கறண்ட் வெட்டின நேரம் பழகின பழக்கத்தை இப்பவும் விடேல்லை: கறண்ட் போனவுடன பிளக்கை ஓஃப், வந்து கொஞ்சம் நிண்ட பிறகுதான் ஓன், மிக்சர் முதல், பவர் அம்ப் கடைசி. நிப்பாட்டேக்க மறுவளம்.

அம்ப் அலுமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒரு மட்டை ஒட்டி வைச்சிருக்கிறம், எந்த ஹோர்ன் எந்த வயர், எத்தினை வாட்ஸ், மொத்தம் எவ்வளவு எண்டு. இப்ப திருநாளுக்கு ஆர் வந்து புதுசா ஒண்டு கொழுவுறதெண்டாலும் முதல்ல அதில எழுதிக் கூட்டிப்போட்டுத்தான் கொழுவோணும்.