டயலிசிஸ் அறைக்குப் பின்னால் ஒரு தண்ணீர் அறை

நல்லூர்த் திருவிழாவைக் கண்டு ஒன்பது வருடமாகிவிட்டது. இந்தமுறை ஆறு கிழமை லீவு எடுத்துக்கொண்டு ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம் போனேன். திருவிழாவுக்குப் போகக் கிடைத்தது மூன்றே நாள். செவ்வாயும் வெள்ளியும் விடிய அத்தானை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதே பயணத்தின் பெரிய வேலையாகிவிட்டது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இத்தனை வருடமாகக் கனடாவில் இருந்துகொண்டு ஊர் ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்த்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் காசு போய்ச் சேருகிற இடத்தில் ஒருநாளாவது ஆறுதலாக உட்கார்ந்து பார்த்ததில்லை. இந்தமுறை பதினொரு தடவை உட்கார்ந்தேன்.

அத்தான் தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நீரிழிவு சிறுநீரகத்தைப் பழுதாக்கிவிட்டது. கிழமைக்கு இரண்டு தரம் இரத்தத்தை மெஷினால் சுத்தம் செய்கிற டயலிசிஸ், ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம். இடது கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்துச் சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்கள். "இதில விரலை வைச்சுப் பாரும் தம்பி" என்று முதல்நாளே கையை நீட்டினார். தோலுக்குக் கீழே ஒரு பூனை முனகுவது போல அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த அதிர்வு இருக்கும்வரை பயமில்லையாம். ஒவ்வொரு நாள் காலையும் எழும்பியவுடன் அவர் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. நல்லதோடு குறைகளையும் சொல்லப் போகிறேன், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு என்னால் ஒரு கரைச்சலும் வரக்கூடாது. குடாநாட்டிலுள்ள ஆதார வைத்தியசாலை ஒன்று, மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் இயங்குவது என்றமட்டில் விடுகிறேன். எங்கள் ஊரில் அதைத் 'தர்மாஸ்பத்திரி' என்று சொல்லுகிற வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன் அம்மாவுக்காக அங்கே அலைந்தபோது, துண்டு எடுக்க விடிய ஐந்து மணிக்கே வரிசை தொடங்கிவிடும். செருப்பையும் கல்லையும் வைத்து இடம் பிடிப்பார்கள். இப்போது வெளிநோயாளர் பிரிவில் நம்பர் துண்டு தருகிறார்கள், சுவரில் நம்பர் விழுகிறது, இருக்கக் கதிரைகள் இருக்கின்றன. கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் தனி வரிசை. மருந்து எடுக்கும் ஜன்னலில் தமிழில் தெளிவாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இவையெல்லாம் பெரிய செலவில்லை, ஆனால் காலையில் வெறும் வயிற்றோடு வந்து நிற்கிற ஒருவருக்கு எவ்வளவு பெரிய விஷயம்! நோயாளர் நலன்புரிச் சங்கம்தான் கதிரைகளைச் செய்து கொடுத்தது என்று பின்னால் அறிந்தேன்.

டயலிசிஸ் பிரிவுக்கு வருகிறேன். குளிரூட்டிய அறை, சுத்தமாக இருந்தது. இயந்திரங்கள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு சின்னப் பெயர்த்தகடு: அப்பாவின் நினைவாக, அம்மாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்காக, இன்ன ஊர் மக்கள் என்று. வாசித்துக்கொண்டு போக எனக்குத் தொண்டை அடைத்தது. லண்டனிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற யாரோ ஒரு பிள்ளை, தான் பக்கத்தில் இருந்து பார்க்க முடியாமல் போன தகப்பனை நினைத்து வாங்கிக் கொடுத்த மெஷினில் இன்னொருவருடைய தகப்பன் உயிரோடு இருக்கிறார்.

மூன்றாம் தரம் போனபோது, அறையின் பின்பக்கக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆளுயர உருளைத் தாங்கிகள் வரிசையாக நின்றன. ஒரு தம்பி உப்பு மூட்டையைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் உப்பு எதற்கு என்று கேட்டேன். கேட்டதும் வேலையை விட்டுவிட்டு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். இந்தப் பயணத்தில் நான் படித்த பெரிய பாடம் அதுதான்.

டயலிசிஸ் இயந்திரத்துக்குள் நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை லீட்டர் தண்ணீர் ஓடுகிறது. நாலு மணித்தியாலத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஒரு ஆளுக்கு 120 லீட்டர். நாங்கள் குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் அழுக்கிருந்தால் குடலும் ஈரலும் தடுத்துக்கொள்ளும். இங்கே மெல்லிய சவ்வு ஒன்றுக்கு இந்தப் பக்கம் இரத்தம், அந்தப் பக்கம் தண்ணீர். தண்ணீரில் இருக்கும் கெட்டது நேரே இரத்தத்துக்குள் போகும். யாழ்ப்பாணத்துத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுண்ணக்கல்லில் ஊறி வருகிற தண்ணீர், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். அதனால் முதலில் மணல் வடி, அடுத்து அந்தக் கல்சியத்தைப் பிடிக்கிற தாங்கி, குளோரினை எடுக்கக் கரித் தாங்கி, கடைசியில் உயர் அழுத்தத்தில் தள்ளி வடிக்கிற மெம்பிரேன். கல்சியம் பிடிக்கிற தாங்கியை உப்புக் கரைசலால் அடிக்கடி கழுவினால்தான் அது திரும்ப வேலை செய்யும். அதற்குத்தான் உப்பு. பக்கத்துச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ஒருவர் மாதாமாதம் அந்த உப்பு மூட்டைகளைத் தன் செலவில் இறக்கிவிட்டுப் போகிறாராம். அவருடைய பெயர் எந்தத் தகட்டிலும் இல்லை.

மெம்பிரேன் வடித்ததுபோகக் கழிந்து வருகிற தண்ணீரையும் ஒரு தாங்கியில் பிடித்து மலசலகூடங்களுக்கு விட்டிருக்கிறார்கள். இந்த யோசனை ஊர் இளைஞர் கழகத்துப் பிள்ளைகளுடையது. குழாய் போட்டதும் அவர்கள்தான், இரண்டு சனிக்கிழமையில்.

சில வருடத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து இரண்டு இயந்திரங்கள் ஒன்றாக வந்து இறங்கினவாம். வந்தவுடன் படம் எடுத்தார்கள், மாலை போட்டார்கள். ஆனால் அப்போதிருந்த தண்ணீர்ச் சுத்திகரிப்பு மற்ற மெஷின்களுக்கே மட்டுமட்டாக இருந்தது. புதியவை இரண்டும் உறை பிரிக்காமல் மாதக்கணக்கில் மூலையில் நின்றன. அதே நேரம் வெளியே டயலிசிஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஊர்க் கோயில் ஒன்றின் திருவிழாக் காசில் ஒரு பகுதியும் வெளிநாட்டுக் காசும் சேர்ந்து பெரிய சுத்திகரிப்புத் தொகுதி வந்தபிறகுதான் அந்த இரண்டும் ஓடத் தொடங்கின. கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். கொடுக்க முன்னம் ஒருவரும் தண்ணீர் அறையை எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ரொறன்ரோவில் காசு சேர்க்கிற எங்கள் சங்கமும் இதே பிழையை விட்டது. கனடாவில் முதியோர் இல்லம் ஒன்று கழித்த மின்சாரக் கட்டில்களைக் கொள்கலனில் ஏற்றி அனுப்பினோம். சேர்த்த காசில் பெரும்பகுதி கப்பல் கூலிக்கே போனது. கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இலங்கையில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இது எங்களில் ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை. அந்தக் கட்டில்களை இந்தமுறை தேடிப் போய்ப் பார்த்தேன். நாலைந்து கட்டில்கள் ஏற்ற இறக்க முடியாமல் ஒரே மட்டத்தில் விடுதியில் கிடக்கின்றன. மிச்சம் பண்டகசாலையில். இலங்கையிலேயே செய்கிற, கையால் சுழற்றுகிற கட்டில்களை அதே காசுக்கு வாங்கியிருக்கலாம். எவ்வளவு பேருடைய உழைப்பு அது என்று நினைக்க இன்னும் வலிக்கிறது.

மருந்தும் இப்படித்தான். 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்து, ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாமல் போனபோது, புலம்பெயர்ந்த தமிழர்கள் பெட்டி பெட்டியாக அனுப்பினார்கள். அந்த நேரத்தில் அது பெரிய உதவி. ஆனால் வீட்டில் மிஞ்சியதையும் திகதி முடியப் போவதையும் அனுப்பக்கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி, நன்கொடையாக வருகிற மருந்து போய்ச் சேரும்போது பொதுவாக ஒரு வருடமாவது பாவனைக் காலம் மிச்சமிருக்க வேண்டும். இப்போது தட்டுப்பாடு அந்தளவுக்கு இல்லை. என்றாலும் அத்தானுக்கு இரத்தம் ஊறப் போடுகிற ஊசி இரண்டு கிழமை இல்லாமல் போனது. வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். நாங்கள் வாங்கினோம். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஐயா அந்தத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்ததைக் கண்டேன். அவர் வாங்கவில்லை. அடுத்த தரம் மிஸ்ஸியிடம், அதாவது தாதியிடம், மெதுவாகக் கேட்டேன். "நலன்புரிச் சங்கத்தில ஒரு கணக்கு இருக்குது அண்ணா. வாங்க ஏலாத ஆக்களுக்கு அதில இருந்துதான் வாங்கிக் குடுக்கிறம். இப்ப அதில காசு குறைவு" என்றார். இப்படி ஒரு கணக்கு இருப்பது ரொறன்ரோவில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கும் தெரியாது.

அத்தான் உள்ளே இருக்கிற நாலு மணித்தியாலமும் வெளியே கொட்டகையில் இருந்து ஆட்களோடு கதைத்தேன். அந்தக் கொட்டகையும் ஒருவர் கொடுத்தது. முன்பு வேப்பமரத்துக்குக் கீழே நிற்பார்களாம், மழைக்கு ஓடுவார்களாம். தீவுப்பகுதியிலிருந்து வருகிற ஒரு அம்மா, மகனைக் கூட்டி வருவதற்கு விடிய நாலு மணிக்கு வெளிக்கிடுகிறார். "சிகிச்சைக்குக் காசு எடுக்கிறேல்லைத் தம்பி, ஓட்டோவுக்குத்தான் காசு" என்றார். நாங்கள் மெஷினைப் பற்றியே யோசித்தோம். ஓட்டோக் கூலியைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் கதைத்ததாக நினைவில்லை.

காசால் கொடுக்க முடியாததும் இருக்கிறது. நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். ஒரு கிளினிக் நாள் வைத்திய நிபுணர் இல்லாமல் தள்ளிப் போனது, திரும்பி வந்தோம். இருக்கிற மிஸ்ஸிமார் இரண்டு ஆளின் வேலையை ஒரு ஆளாகச் செய்கிறார்கள். பார்வையாளர் மலசலகூடம் இரண்டில் ஒன்று எப்போதும் பூட்டு.

வெளியில் காசு சேர்த்து யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி நடத்துவது எங்கள் தலைமுறை கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியே 1850இல் அரசாங்க அதிபர் டைக் முன்னின்று, 'ஃபிரெண்ட் இன் நீட்' சங்கத்தின் தர்மக் காசில் தொடங்கியது. இணுவில் மக்லியொட் ஆஸ்பத்திரி 1898இல் திறக்கப்பட்டது. அதற்காக அமெரிக்க மிஷனைச் சேர்ந்த லீச் சகோதரிகள் இருவர் கடல் கடந்த நாடுகளில் போய்ப் பணம் திரட்டினார்கள். மானிப்பாயில் கிறீன் வைத்தியர் ஒரு படி மேலே போனார். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர், தமிழ் படித்து, எங்கள் பிள்ளைகள் முப்பதுக்கு மேற்பட்டோருக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். வந்தவர் போனபிறகும் ஓடக்கூடியதை விட்டுப் போக வேண்டும் என்று அந்த மனிதருக்கு அப்போதே விளங்கியிருக்கிறது.

ஒரு கிழமை இடையில் சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்கத் தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போனேன். 2011 ஆடியில் தெற்கு முனை தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள், ஏறக்குறைய 670 கிலோமீற்றர் நடந்து அதற்குக் காசு சேர்த்தார்கள். நடந்தவர்களில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் இருந்தார்கள். ஐந்து வருடம் கழித்து வடக்கிலிருந்து தெற்காக நடந்து காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்குச் சேர்த்தார்கள். போர் முடிந்து இரண்டே வருடத்தில் தெற்கிலிருந்து எங்கள் நோயாளிகளுக்காக நடந்து வந்த அந்த ஆட்களுக்கு நான் என்றும் நன்றியோடு இருப்பேன். அதற்கு முன் எங்கள் ஆட்கள் புற்றுநோய்க்குக் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மகரகம ஆஸ்பத்திரிக்குப் போய், பாஷையும் தெரியாமல், தங்க இடமும் இல்லாமல் பட்டபாடு எனக்குத் தெரியும். அம்மாவோடு போனவன் நான்.

வெளிக்கிட முதல்நாள் வைத்திய அத்தியட்சகரைச் சந்தித்தேன். என்ன வேண்டும் என்று கேட்டபோது, புது மெஷினை அவர் கேட்கவில்லை. கொப்பியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்: மின்பிறப்பாக்கிக்கு டீசல், இயந்திரங்களுக்கு வருடாந்தப் பராமரிப்பு ஒப்பந்தம், டயலிசிஸ் நோயாளிகளுக்குக் கை வைக்கும் கதிரை ஆறு, நலன்புரிச் சங்கக் கணக்குக்கு மாதாமாதம் ஏதாவது. "ஒரே தரமாப் பெரிசாத் தர வேண்டாம், சின்னனா ஒழுங்காத் தாங்கோ" என்றார். எது கொடுப்பதென்றாலும் முதலில் தனக்கு எழுதிக் கேட்கச் சொன்னார். கருவியென்றால் திணைக்களத்தின் சம்மதம் வேண்டும், பற்றுச்சீட்டு கட்டாயம் வாங்க வேண்டும்.

போகும் வழியில் தண்ணீர் அறைத் தம்பியிடம் சொல்லிவிட்டுப் போகப் போனேன். மெம்பிரேன் எப்போது மாற்ற வேண்டிவரும் என்று கேட்டேன். சுவரில் பென்சிலால் எழுதியிருந்ததைக் காட்டினார். வருகிற சித்திரை.

அத்தான் படலை வரை வந்தார். கையை நீட்டினார், விரலை வைத்துப் பார்த்தேன். அதிர்ந்துகொண்டிருந்தது.

ஸ்காபரோவுக்கு வந்து மூன்று கிழமையாகிறது. ஐப்பசியில் எங்கள் சங்கக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக 'மெம்பிரேன், சித்திரை' என்று எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது, தீவுப்பகுதி நோயாளர் ஓட்டோக் கூலி.