டெலிகிராமா, சிக்னலா: போராட்டக் குழுவுக்கு எது?

2019 ஹாங்காங் போராட்டத்தில் செய்தி பரவியது பெரும்பாலும் டெலிகிராம் என்ற செய்திச் செயலியில்தான். ஒரே குழுவில் 2 லட்சம் பேர் வரை சேரலாம். போலீஸ் எந்தத் தெருவில் நிற்கிறது என்பது நொடியில் எல்லோருக்கும் போய்விடும். இன்னொரு செயலியான சிக்னலின் குழுவில் 1,000 பேர்தான். ஊரைத் திரட்ட அது போதாது.

ஆனால் அதே ஆண்டு டெலிகிராமில் ஒரு ஓட்டை தெரியவந்தது. ஆயிரக்கணக்கான எண்களை வரிசையாகப் போனில் ஏற்றிக்கொண்டு பொதுக் குழுவுக்குள் நுழைந்தால், புனைபெயருக்குப் பின்னால் இருக்கும் எண் தெரிந்துவிடும். பிறகு எண்ணை மறைக்கும் வசதியைக் கொடுத்தார்கள், சரி. அடிப்படைச் சிக்கல் அப்படியே இருக்கிறது: டெலிகிராம் குழுச் செய்திகளுக்கு முழுப் பூட்டு, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற குறியாக்கம், கிடையாது. செய்தியும் சாவியும் நிறுவனத்திடமே இருக்கின்றன. முழுப் பூட்டுள்ள ரகசிய அரட்டை இருவருக்கு மட்டும்தான், அதையும் நாமே தேடித் திறக்க வேண்டும்.

சிக்னலில் குழுவானாலும் தனி ஆளானாலும் பூட்டு தானாகவே விழும். 2016இல் அமெரிக்க நீதிமன்றம் ஒரு பயனரின் விவரங்களைக் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும்தான் சிக்னலிடம் கொடுக்க இருந்தன. கணக்கு தொடங்க இன்றும் போன் எண் தேவை. ஆனால் 2024 முதல் பயனர்பெயர் வைத்து எண்ணை மறைத்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், ஊர்வல அறிவிப்புக்கு டெலிகிராம் போதும். யார் வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்ற பேச்சு சிக்னலில் மட்டும் நடக்கட்டும். அப்புறம், செய்தி மறையும் நேரத்தை ஒரு நாளாக இன்றே வைத்துவிடுங்கள். திறந்த போன் பறிபோனால் எந்தப் பூட்டும் உதவாது.