விழா போஸ்டரில் கிடைக்காத நீலம்

கலைவிழாவின் முகப்புப் படமாகத் தேர்வான நீர்வண்ண ஓவியத்தை முதலில் சுவரொட்டியாகத்தான் பார்த்தேன். மூலத்தை அரங்கில் பார்த்தது இரண்டு நாள் கழித்து. திரும்பும்போது இரண்டு பிரதிகள் வாங்கி வந்தேன்: ஏ2 அளவில் ஆஃப்செட் போஸ்டர் ஒன்று, பருத்தித் தாளில் நிறமி மையால் அச்சிட்ட ஏ3 ஒன்று. பதினெட்டு வருஷம் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவள் நான். அச்சைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன்.

படம் மழை விட்ட சாயங்காலம். விழாப் படம் என்றாலே ஆடுபவர், பாடுபவர், முகமூடி என எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் திணித்துவிடுவார்கள். இதில் மேடையே கிடையாது. ஈரத் தரையில் காலி நாற்காலிகள், அவற்றை நோக்கித் தன் உயரத்துக்கு ஒரு மடக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு போகும் சிறுமி. அவ்வளவுதான். உட்கார்ந்து பார்க்க வருகிறவளை விழாவின் முகமாக்கியதற்காகவே தேர்வுக் குழுவைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

நாற்காலிக் கால்கள் தரையில் இழுபட்ட தடம் இரண்டு வெளிர் கோடுகள். அவை வரைந்தவை அல்ல. வண்ணம் காய்வதற்குள் ஈரத் தூரிகையால் ஒற்றி எடுத்தவை. ஒரு கோடு நடுவில் லேசாக விட்டுப்போயிருக்கிறது. நாற்காலி அங்கே ஒரு துள்ளல் துள்ளியிருக்க வேண்டும். அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

மேல் பாதி முழுக்க வானம், அல்ட்ராமரின் நீலம். அந்த நிறமி கரடான தாளின் குழிகளில் போய்த் தங்கும். காய்ந்தபின் பொடிமணல் தூவியதுபோல் இருக்கும். தரையின் சாம்பலும் கறுப்பிலிருந்து வரவில்லை, அதே நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கலந்தது. ஓரங்களில் பழுப்பு தனியே பிரிந்து நிற்பதைப் பார்த்தாலே தெரிகிறது.

போஸ்டரில் இந்த நீலம்தான் இல்லை. நான்கு வண்ண அச்சில் நீலம் என்பது சயான் என்ற வெளிர்நீல மையும் மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்பு மையும் சேர்ந்து தருவது. அல்ட்ராமரினின் செறிவு அதற்கு எட்டாது. மெஜந்தாவைக் கூட்டினால் ஊதா அடிக்கும், குறைத்தால் வெளுக்கும். இங்கே ஊதா அடித்துவிட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: ரிஜிஸ்டர் சுத்தம், அதாவது நான்கு வண்ணங்களும் விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கின்றன; புள்ளிகள் பூப்பூவாக ஒழுங்காக விழுந்திருக்கின்றன. மெஷினில் நின்றவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஐந்தாவது பிளேட்டாக ஒரு ஸ்பாட் நீலம், அதாவது தனியே கலந்த நீல மை, ஓட்டியிருந்தால் வானம் பிழைத்திருக்கும். முன்பு ஒருமுறை ஓர் ஓவியர் என் மேஜையில் மூலத்தையும் ட்ரையல் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

நிறத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அடியில் விளம்பரதாரர் சின்னங்களுக்காக ஒரு வெள்ளைப் பட்டை ஓட்டியிருக்கிறார்கள். அது அந்த இரண்டு கோடுகளையும் பாதியில் நறுக்கிவிட்டது. இழுத்து வந்த தூரம் போனால் சிறுமி சும்மா நிற்கிறாள். 1891இல் பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லோத்ரெக், பாரிஸின் முலான் ரூஜ் நடன அரங்குக்காகச் செய்த போஸ்டரில் எழுத்தும் படத்தின் அங்கமாகவே வந்தது. இங்கேயும் தலைப்பை வானத்தின் வெளிர்ந்த மூலையில் அழகாகத்தான் வைத்திருக்கிறார்கள். அதே கவனம் அடிப்பக்கத்துக்கு வரவில்லை. லேஅவுட் போட்டதும் ஓவியரிடம் ஒரு தடவை காட்டியிருக்கலாம்.

ஏ3 பிரதியில் இந்தக் குறைகள் இல்லை. பட்டை கிடையாது, நீலம் முக்கால்வாசி மூலத்தை எட்டிவிடுகிறது, மணல் தூவல்கூடத் தெரிகிறது. தொட்டுப் பார்க்கக் கை போகும். தொடாதீர்கள், பூச்சில்லாத தாளில் விரல் எண்ணெய் தங்கிவிடும். சுற்றிலும் இரண்டு விரல்கடை வெள்ளை விட்டிருப்பதால் ஃப்ரேம் போடுவது சுலபம். கண்ணாடி தாளில் படாதபடி படத்தைச் சுற்றி மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். நேர்வெயில் விழும் சுவர் வேண்டாம். துணிப்பையிலும் இதே படம் வருகிறது. அதில் வானம் வெறும் நீலத் திட்டு, வாங்க வேண்டாம்.

போஸ்டரை ஃப்ரேம் கடைக்காரரிடம் கொடுத்து அடிப்பட்டையை மவுண்ட் அட்டைக்குள் மறைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். ஏ3 என் மேஜைக்கு எதிரே, ஜன்னல் இல்லாத சுவரில் ஏறிவிட்டது.