ஓட்டை இருக்கு, படம் வராது

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைப் பக்கம் லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. புகார் நடப்பில் இருக்கிறது, தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

எனக்குப் பிழைப்பு ஜிஎஸ்டி கணக்கு. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று பஸ்ஸில் அலைந்து கடைகடையாக ரிட்டர்ன் போடுவது. அப்பளக் கம்பெனியில் நமக்குக் கிடைக்கிற இடம் உளுந்து மூட்டை ஓரம்தான். அதனால் பையில் கனம் தெரியாத சின்ன லேப்டாப்பாகத் தேடினேன். தேவையைத் தாளில் எழுதியே கொண்டுபோனேன்: டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் சொருகப் பழைய அகல யூஎஸ்பி, டைப்-சி வழியாக மானிட்டருக்குப் படம், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை.

கவுன்டர் தம்பி ஷோகேஸில் இருந்ததை மானிட்டரில் மாட்டிக் காட்டினார். படம் வந்தது. வீட்டில் காட்டலாமே என்று மொபைலில் வீடியோவும் எடுத்துக்கொண்டேன். "எல்லாம் இருக்கு அண்ணாச்சி, கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். டைப்-சியிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டருக்கும் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு, குடோனிலிருந்து சீல் வைத்த பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டில் மாட்டினால் மானிட்டர் கறுப்பாகவே நிற்கிறது. அதே அடாப்டர் மைத்துனர் லேப்டாப்பில் பளிச்சென்று வேலை செய்கிறது. பெட்டி ஸ்டிக்கரையும் வீடியோவையும் வைத்துப் பார்த்தால் பெயர் ஒன்று, மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள் வேறு. கொடுத்தது அதே வரிசையில் விலை குறைந்தது. வாங்கிய காசு மட்டும் காட்டினதற்கு.

டைப்-சி ஓட்டை எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே யூஎஸ்பி 2.0 மட்டும் வைத்திருந்தால் வேகம் நொடிக்கு 480 மெகாபிட், 3.2 ஜென் 1 என்றால் 5 கிகாபிட். மானிட்டருக்குப் படம் போக டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு வேண்டும், லேப்டாப்பைச் சார்ஜ் போட பவர் டெலிவரி வேண்டும். இவை சேர்ந்தே வரும் என்ற கட்டாயம் கிடையாது. ஆல்ட் மோடு இல்லாத போர்ட்டில் சாதாரண ஹெச்டிஎம்ஐ அடாப்டரை மாட்டிப் பிரயோஜனமில்லை. (படத்தைச் சாதாரண யூஎஸ்பி டேட்டாவாகவே அனுப்புகிற டிஸ்ப்ளேலிங்க் சிப் வைத்த டாக் வேறு சங்கதி, விலையும் வேறு.) இந்த மெஷினில் ஓடவே ஓடாத அடாப்டரையும் சேர்த்துத் தலையில் கட்டினார்கள் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். ஜங்ஷன் கடைவீதியில் கடைக்கு ஒரு ரவுட்டர். அந்த அலைவரிசையில் ஒன்றையொன்று இடிக்காத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். கடைசி நாளான 20ஆம் தேதி சாயங்காலம் 3பி என்கிற மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட உட்கார்ந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

திரும்பக் கொண்டுபோனால் முதலாளி சொல்கிறார், "பொட்டிய உடைச்சாச்சுல்லா, இனி கம்பெனிக்காரன்ட்டதான் பேசணும்."

"காட்டுனது ஒண்ணு, கட்டிக் குடுத்தது ஒண்ணு. இது எந்த ஊரு நியாயம் அண்ணாச்சி?"

"ரெண்டும் ஒரே கம்பெனிதான வே! கலரும் ஒண்ணுதான?"

பில்லைப் பார்த்தால் "லேப்டாப் 1" என்று மட்டும் இருக்கிறது. கீழே, விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று அச்சடித்திருக்கிறது.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளின் தரத்தையோ மாடலையோ பொய்யாகச் சொல்லி விற்பது முறையற்ற வணிக நடைமுறை என்று தெளிவாகவே இருக்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் பதியலாம். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை.

வாங்கப் போகிறவர்கள், பெட்டியில் உள்ள மாடல் எண்ணை முழுசாகத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டுப் பாருங்கள். பில்லிலும் அதே எண்ணை எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் கட்டுமுன் பெட்டியை அங்கேயே பிரிக்கச் சொல்லி, அந்த மெஷினிலேயே மானிட்டரை மாட்டுங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் வைத்தால் அது லேப்டாப்புக்குத் தெரிகிறதா என்றும் பாருங்கள், ஒரு நிமிஷ வேலை.

1915இல் பதிந்த பிறகு கடையிலிருந்து போன் வந்தது. அடாப்டர் காசைத் தருவார்களாம், ஒரு மவுஸும் இலவசமாம். வீடியோவில் இருக்கிற மாடலைக் கொடுங்கள், இல்லை முழுப் பணத்தையும் கொடுங்கள் என்று எழுத்தில் அனுப்பியிருக்கிறேன்.